குத்தூசியும் பதிப்புரிமையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தைக்கும் தொழிலாளர் கையில் குத்தூசியைப் பார்க்கலாம். மரப்பிடியும் கூரிய இரும்பு முனையும் கொண்ட சிறு கருவி அது. தோலில் துளையிட்டு நூல் கோக்க உதவுவது. இக்கருவிக்கும் உலக எழுத்து வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

1812-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைப்பவர் ஒருவரின் பட்டறையில், அவருடைய மூன்று வயது மகன் இத்தகைய குத்தூசி ஒன்றை எடுத்து விளையாடினான். கை தவறிக் கருவி கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் பிடித்தது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. சில ஆண்டுகளில் பார்வை முழுவதும் போயிற்று. அச்சிறுவன்தான் லூயி பிரெய்ல். பதினைந்தாம் வயதில், 1824-இல், அவன் தடித்த தாளில் ஊசிமுனையால் அழுத்திப் புள்ளிகளை எழுப்பி, அவற்றை விரல்நுனியால் தடவிப் படிக்கும் முறையை உருவாக்கினான். கண்ணைப் பறித்த கருவியின் சாயலிலேயே எழுதுகோலும் அமைந்தது. 1829-இல் இம்முறை நூலாக வெளிவந்தது.

ஆறு புள்ளிகள் கொண்ட சிறு கட்டம் ஒன்றே பிரெய்லின் அடிப்படை. புள்ளிகளில் எவை எழும்பியுள்ளன என்பதைப் பொறுத்து 63 வெவ்வேறு குறிகள் கிடைக்கின்றன. தமிழுக்கும் இதே குறிகள்தாம். ‘அ’வுக்கு ஒரு புள்ளி, ‘க’வுக்கு இரண்டு. இந்திய மொழிகளுக்கென முன்பு வெவ்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கிவந்தன. 1951-இல் அவற்றை ஒருங்கிணைத்து ‘பாரதி பிரெய்ல்’ உருவாயிற்று. யுனெஸ்கோ நிறுவனம் அவ்வாண்டு பெய்ரூத்தில் கூட்டிய மாநாடு இதற்குத் துணைநின்றது. எழுத்தை ஒன்றாக்க நாடுகள் கூடிப் பேசியது அப்போது. அந்த எழுத்தில் நூல்களைப் படியெடுக்கும் உரிமைக்காக மீண்டும் கூட வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கதையைப் பற்றியது.

படி எடுப்பதில் என்ன தவறு?

ஒரு நூலை இயற்றியவரின் இசைவின்றி வேறொருவர் அதைப் படியெடுத்து வெளியிடலாகாது என்பதே பதிப்புரிமையின் சாரம். 1710-இல் இங்கிலாந்தில் இதற்கெனச் சட்டம் பிறந்தது. 1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகளுக்கிடையே உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1928 முதல் அதில் அங்கம் வகிக்கிறது. நம் நாட்டில் இன்று நடப்பிலுள்ள சட்டம் 1957-ஆம் ஆண்டினது, பலமுறை திருத்தப்பட்டது. எழுத்தாளர் உழைப்பின் பயனை அவரே பெற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

ஆனால், அச்சிட்ட நூலைப் பிரெய்லில் மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரு படியே. ஒலிநாடாவில் படித்துப் பதிவதும் படியே. நூலை ஒளிவருடிக் கணிப்பொறியில் எழுத்தாக்கி, அதைக் கணிப்பொறியே உரக்கப் படிக்கச் செய்தால் அதுவும் படியே. கண்ணுள்ளவர் கடையில் நூலை வாங்கியவுடன் படிக்கத் தொடங்குகிறார். பார்வையற்றவரோ அதே விலை கொடுத்து அதே நூலை வாங்கினாலும் வேறொரு வடிவத்துக்கு மாற்றாமல் முதல் வரியைக்கூடப் படிக்க முடியாது. சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவு பயன்படுத்தலாம் என்ற பொதுப் பிரிவு ஒன்று நம் சட்டத்தில் முன்பே இருந்தது உண்மையே. ஆயினும் ஒரு நூலகமோ சங்கமோ முழு நூலையும் மாற்றிப் பலருக்கு வழங்க, 2012 வரை வெளிப்படையான இடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாளரிடம் தனித்தனியே எழுதி இசைவு கேட்டுக் காத்திருக்க வேண்டும். தேர்வு காத்திருக்குமா?

மரத்துப்போன விரல்கள்

‘பிரெய்லுக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். பல நாடுகளின் சட்டங்கள் அவ்வாறுதான் எண்ணின. அது ஏன் போதாது என்பதை அறிய வேலூரை அடுத்த பாகாயத்துக்கு வர வேண்டும்.

பாகாயத்தில் 1932 முதல் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் உள்ளது. 1950-களின் தொடக்கத்தில் இவ்வளாகத்துக்குள் தொழுநோயாளருக்கென ‘நவஜீவ நிலையம்’ ஏற்பட்டது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை டாக்டர் பால் பிராண்ட் இந்த ஊரில்தான் வளர்த்தெடுத்தார். அவர் உலகுக்கு உணர்த்திய செய்தி ஒன்று உண்டு. தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால், சூடும் வெட்டும் பட்டுப் பட்டு அழிகின்றன.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளிலுள்ள நரம்புகளை நாடுகிறது. முழங்கையருகே செல்லும் நரம்பு கெட்டால் விரல்கள் உணர்ச்சியிழக்கின்றன. முகநரம்பு கெட்டால் இமை மூடுவதில்லை. கருவிழிப் படலத்தின் உணர்ச்சியும் போய்விட்டால் தூசு விழுந்தாலும் தெரியாது. கண் உலர்ந்து, புண்ணாகி, பார்வை போகிறது. ஆக, ஒரே நோய் கண்ணையும் விரல்நுனியையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறது. இப்படிப்பட்டவருக்குப் பிரெய்ல் என்ன செய்யும்? ஜப்பானியத் தொழுநோய் இல்லங்களில் சிலர் நாக்கின் நுனியால் பிரெய்லைத் தடவிப் படித்தார்கள் என்பது வரலாறு. படிக்கும் வேட்கை எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் தொழுநோயின் கொடுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் நீரிழிவு பெருகிவிட்டது. அதுவும் விழித்திரையைக் கெடுக்கிறது. விரல்களையும் மரத்துப்போகச் செய்யக்கூடும். நடுவயதுக்குப் பின் பார்வை இழந்தவர் புதிதாகப் பிரெய்ல் கற்பது, உணர்ச்சி நன்றாக இருந்தாலும், எளிதன்று.

இதே பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. 1954-இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று வளர்த்தது அது. கழுத்தெலும்பில் அடிபட்டு இரு கைகளும் செயலிழந்தவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் நூலைத் தூக்கவோ ஏட்டைப் புரட்டவோ முடியாது. சட்டம் ‘பார்வையற்றோர்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் இவர் வெளியே நிற்பார். ‘பிரெய்ல்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் முன் சொன்னவர் வெளியே நிற்பார். எந்த வடிவம், யாருக்கு என்ற இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே பின்வரும் போராட்டம் முழுதும் நடந்தது.

அரசுகள் மட்டும் பேசிய காலம்

பதிப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்துமாறு இந்தியா கேட்டது இது முதன்முறையன்று. 1967-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியாவும் பிற வளரும் நாடுகளும், பாடநூல்களை மலிவாக அச்சிடவும் மொழிபெயர்க்கவும் சலுகை வேண்டும் என வாதாடின. சலுகை எழுத்தில் வந்தது. பணக்கார நாடுகள் அதை ஏற்க மறுத்தன. 1971-இல் பாரிசில் வேறொரு சமரசம் ஏற்பட்டது. அதில் இத்தனை நிபந்தனைகள், காத்திருப்புக் காலங்கள், அறிவிப்புகள் இருந்தன. ஆகவே எடுத்துப் பயன்படுத்திய நாடுகள் மிகச் சில. அரசுப் பிரதிநிதிகள் மேசையில் பேசினார்கள். நூல் கிடைக்காத மாணவன் அந்த அறையில் இல்லை. அந்தச் சலுகை முடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பார்வையற்றோர் பற்றிய பேச்சு 1982-இல் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் யுனெஸ்கோவும் உலக அறிவுச்சொத்து நிறுவனமும் சேர்ந்து பாரிசில் ஒரு பணிக்குழுவைக் கூட்டின. பார்வைக் குறை உடையோர், செவிப்புலன் குறை உடையோர் ஆகிய இருவரையும் பற்றி அது ஆராய்ந்தது. 1985-இல் ஓர் அறிக்கையும் வந்தது. அதன்பின் நெடுநாள் அசைவில்லை. 2007 அளவில் உலக அறிவுச்சொத்து நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, 57 நாடுகளின் சட்டங்களில்தான் இதற்கென விலக்கு உள்ளது எனக் கண்டது. அவற்றிலும் பல, பிரெய்லோடு நின்றவை.

மற்றொரு சிக்கலும் இருந்தது. விலக்கு ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஸ்பெயின் நாட்டுப் பார்வையற்றோர் அமைப்பிடம் பெரும் நூல் தொகுதி இருந்தது. அதே ஸ்பானிய மொழி பேசும் தென்னமெரிக்க நாடுகளுக்கு அவற்றை அனுப்பச் சட்டம் இடம்தரவில்லை. ஆங்கிலம் பேசும் ஐந்து நாடுகளில் ஒரே ஹாரி பாட்டர் கதையை ஐந்து சங்கங்கள் தனித்தனியே பிரெய்லுக்கு மாற்றின. ஐந்து மடங்கு உழைப்பு; கிடைத்ததோ ஒரே கதை! வளர்ந்த நாடுகளில்கூட, வெளியாகும் நூல்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவையே படிக்கத்தக்க வடிவில் வருகின்றன என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் கூறியது. இந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘நூல் பஞ்சம்’.

பல ஊர்கள், ஒரு வேலை

2008 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் ‘படிக்கும் உரிமை’ இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் வாஷிங்டனில் ‘நாலெட்ஜ் எக்காலஜி இன்டர்நேஷனல்’ என்ற அமைப்புடன் சேர்ந்து வல்லுநர்கள் கூடி ஓர் ஒப்பந்த வரைவுக்கு அடிகோலினர். ஆனால் தனியாரோ சங்கமோ ஐ.நா. அமைப்பு ஒன்றில் ஒப்பந்தத்தை முன்மொழிய முடியாது. அரசுகளே முன்மொழிய வேண்டும். 2009 மே மாதம் ஜெனீவாவில் பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகள் அவ்வரைவைத் தம்முடையதாக முன்வைத்தன.

இங்கே ஜெனீவாவின் நடைமுறையை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. பதிப்புரிமைக்கான குழு ஆண்டில் சில நாட்களே கூடும். வாக்கெடுப்பு வழக்கமில்லை, ஒருமித்த இசைவு வேண்டும். ஒரு பெரிய நாடோ சில நாடுகளின் கூட்டோ தலையசைக்காவிட்டால் காரியம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அக்கூட்டத்தில் பேசும் பிரதிநிதிக்குக் கட்டளை அவருடைய தலைநகரிலிருந்து வருகிறது. ஆகவே ஜெனீவாவில் மட்டும் வாதாடிப் பயனில்லை. தில்லி, இலண்டன், பிரஸ்ஸெல்ஸ், வாஷிங்டன், புவெனஸ் அயர்ஸ் ஆகிய ஒவ்வோர் ஊரிலும், அதே வாரத்தில், அதே வரியைப் பற்றி, அந்நாட்டு அதிகாரியிடம் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும். இயக்கம் இதைத்தான் செய்தது. பிரிட்டனில் டான் பெஸ்காட், ஆஸ்திரேலியாவில் மேரியான் டயமண்ட், அர்ஜென்டினாவில் பார்வையற்றோருக்கு மின்நூலகம் ஏற்படுத்திய பாப்லோ லெக்குவோனா, வாஷிங்டனில் ஜேம்ஸ் லவ், மனோன் ரெஸ் என்று ஆட்கள் அமைந்தனர். இவர்களில் சிலர் அமைப்புகளின் அலுவலர்கள். இவர்களுக்குப் பின்னால், தம் வேலைகளுக்கிடையே கடிதம் எழுதியும் அதிகாரிகளைச் சந்தித்தும் வந்த தொண்டர்கள் பலர்.

இந்தியாவில் இவ்வியக்கம் 2009 செப்டம்பரில் சென்னையில் தொடங்கியது. பின்னர் கொல்கத்தா, தில்லி, மும்பைக்குப் பரவியது. சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் நிறுவிய ‘இன்குளூசிவ் பிளானெட்’, பெங்களூரின் ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’யில் பணியாற்றிய நிர்மிதா நரசிம்மன், ‘டெய்சி’ கூட்டமைப்பின் திபேந்திர மனோச்சா ஆகியோர் இதில் முன்னின்றனர். ராகுல் செரியன் ஒரே காலத்தில் இரு களங்களில் நின்றார். ஜெனீவாவில் உலக ஒன்றியத்துடன் ஒப்பந்த வரைவுக்கு உழைத்தார். தில்லியில் இந்தியச் சட்டத் திருத்தத்துக்கு வாதாடினார்.

தில்லி வேலை எளிதாக இருக்கவில்லை. 2010 ஏப்ரலில் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பிரிவு இருந்தது. கண்டவுடன் மகிழத் தோன்றும். ஆனால் அது, மாற்றுத்திறனாளிகள் மட்டுமே பயன்படுத்துவதற்கென அமைந்த ‘சிறப்பு வடிவங்களுக்கு’ மட்டும் விலக்கு அளித்தது. நடைமுறையில் அதன் பொருள் பிரெய்ல். ஒலிப்பதிவையும் கணிப்பொறி எழுத்துக் கோப்பையும் எவரும் பயன்படுத்தலாம் அல்லவா? ஆகவே அவை சிறப்பு வடிவமாகா. அவற்றுக்குப் பதிப்புரிமை வாரியத்திடம் மனுச்செய்து உரிமம் பெற வேண்டும். விரல் மரத்தவர், கை செயலிழந்தவர், முதுமையில் பார்வை இழந்தவர் அனைவரையும் இந்த ஓரிரு சொற்கள் வெளியே நிறுத்தின. இயக்கத்தினர் அச்சொற்களைக் குறிவைத்தனர். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றது. பிற நாட்டுச் சட்டங்களின் ஒப்பீடுகளும், தொழில்நுட்ப விளக்கங்களும், படிக்க இயலாதோரின் நேர்முக அனுபவங்களும் முன்வைக்கப்பட்டன.

2012 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றி ஜூன் 21 அன்று நடப்புக்கு வந்த சட்டத்தில் அச்சொற்கள் மாறியிருந்தன. 52-ஆம் பிரிவில் சேர்ந்த புதிய உட்பிரிவு, எந்தப் படைப்பையும் அணுகத்தக்க ‘எந்த வடிவத்திலும்’ மாற்றலாம் என்கிறது. மாற்றுபவர் சங்கமாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிக்கு உதவ விரும்பும் எவராகவும் இருக்கலாம். தோழன் ஒருவன் பாடநூலைப் படித்துப் பதிந்து கொடுத்தால் அதற்கு இடமுண்டு. இலாபம் கூடாது, சங்கங்கள் ஆக்கச் செலவை மட்டும் பெறலாம். படிகள் பொது வணிகத்தில் கலந்துவிடாமல் அவை பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தாளருக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்டால், விடை சொல்வது கடினம். அச்சு நூலை இவர்கள் வாங்கிப் படித்திருக்கவே முடியாதே!

மராகேஷ்

ஜெனீவாவில் இதற்கிடையே தடைகள் பல. 2010-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் பரிந்துரை போன்ற மென்மையான ஏற்பாடுகளை முன்வைத்தன. ஆப்பிரிக்க நாடுகளோ நூலகங்களையும் கல்வியையும் சேர்த்துப் பரந்த ஒப்பந்தம் கேட்டன. அக்கோரிக்கை நியாயமானதே, ஆனால் அதைச் சேர்த்தால் எதுவும் நிறைவேறாது என்ற அச்சமும் இருந்தது. 2011 தொடக்கத்தில் உலக ஒன்றியம் ஒரு துணிவான முடிவெடுத்தது. ஒப்பந்தத்துக்கு மாற்றாகக் காட்டப்பட்ட, பதிப்பாளருடன் கூடிய தன்விருப்ப ஏற்பாட்டிலிருந்து ஒதுங்கி நின்றது.

2013 ஜூன் 17-இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் மாநாடு கூடியது. ராகுல் செரியன் அதைக் காணவில்லை; நான்கு மாதங்களுக்கு முன், பிப்ரவரியில், இளவயதிலேயே காலமானார். ஜூன் 27-இல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது; மறுநாள் 51 நாடுகள் கையொப்பமிட்டன. பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் வந்து பாடினார்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் விதி பயனாளிகளை மூவகையாகக் கூறுகிறது: பார்வையற்றோர், பார்வைக் குறையாலோ எழுத்தை உணர்வதிலுள்ள குறையாலோ அச்சைப் படிக்க இயலாதோர், உடற்குறையால் நூலைப் பிடிக்கவோ புரட்டவோ, கண்ணை நிலைநிறுத்தி அசைக்கவோ இயலாதோர். பாகாயத்தின் சக்கர நாற்காலிகள் அந்த மூன்றாம் வகைக்குள் வந்துவிட்டன. வடிவமும் பிரெய்லோடு நிற்கவில்லை. ஒரு நாட்டில் ஆக்கிய படியை மற்றொரு நாட்டுக்கு அனுப்பவும் வழி பிறந்தது.

விட்டுக்கொடுத்தவையும் உண்டு. திரைப்படம் ஒப்பந்தத்தில் இல்லை. 1982-இல் பார்வையற்றோருடன் சேர்த்தே பேசப்பட்ட செவிப்புலன் குறை உடையோர், 2013-இல் விடப்பட்டனர். அவர்களின் மனக்குறை நியாயமானது. இவ்வகையில் இந்தியச் சட்டம் மராகேஷைவிட விரிந்தது. அது ‘மாற்றுத்திறனாளிகள்’ அனைவரையும், ‘எந்தப் படைப்பையும்’ குறிக்கிறது. இன்னொன்று: கடையில் அவ்வடிவம் விலைக்குக் கிடைத்தால் விலக்கு இல்லை என்று ஒரு நாடு விரும்பினால் விதிக்கலாம் என மராகேஷ் இடம் தருகிறது. நம் 52-ஆம் பிரிவில் அத்தகைய நிபந்தனை இல்லை.

2014 ஜூன் 24-இல் இந்தியா ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. உலகில் முதல் நாடு அதுவே. இருபது நாடுகள் சேர்ந்தபின் 2016 செப்டம்பர் 30-இல் அது நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர், கனடா, இலங்கை ஆகியவையும் இதில் சேர்ந்துள்ளன. தமிழ் வாசகருக்கு இது சிறிய செய்தியன்று. சென்னையில் ஒலிநூலாக்கிய தமிழ்ப் புதினத்தை யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் உள்ளவர்க்கு அனுப்பச் சட்டத்தின் கதவு திறந்துள்ளது. 2016 ஆகஸ்டில் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் இந்திய மொழி நூல்களை இவ்வாறு திரட்டி வழங்குகிறது.

சட்டம் வழிவிட்டபின் எஞ்சியிருப்பது எழுத்துரு. தமிழ் நூல்கள் பல ஆண்டுகளாகப் பலவகைப் பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்டன. அவற்றில் ‘அ’ என்று கண்ணுக்குத் தெரிவது, கணிப்பொறிக்குள் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் எண்ணாகவே கிடக்கும். அத்தகைய கோப்பைப் பதிப்பாளரே மனமுவந்து கொடுத்தாலும், திரையை வாசிக்கும் நிரல் அதைப் பொருளற்ற ஒலிகளாக உளறும். ஒருங்குறியில் கோத்த நூலோ நேரே பேசும். பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்தும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய இன்றும் ஆட்கள் வேண்டும். ஒரு நூலுக்குச் சில மாலைப் பொழுதுகள் ஆகும்.